அடுத்த செயலர் யார்?

முன்னாள் மாணவர் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டங்களில் தவறாமல் நிகழும் காட்சி ஒன்று உண்டு. வரவேற்புரை, ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்குப் பொன்னாடை, மறைந்த தோழர்களுக்கு அஞ்சலி, குழுப் புகைப்படம் என எல்லாம் கலகலப்பாக நடந்தேறும். 'அடுத்த செயலர் பொறுப்பை யார் ஏற்கிறீர்கள்?' என்ற கேள்வி எழுந்ததும் அரங்கம் அமைதியாகிவிடும். சிலர் கைப்பேசியைப் பார்ப்பர். சிலர் உணவுக்கூடத்தை நோக்கி நகர்வர். இறுதியில், 'இதுவரை பார்த்தவரே தொடரட்டும்' என்று கைதட்டித் தீர்மானத்தை முடித்துவிடுவர்.

அந்தக் கைதட்டலைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் மனிதர் யார், அவர் என்ன செய்கிறார், அவர் ஒருநாள் களைத்துப்போய் விலகினால் யாருக்கு இழப்பு என்பதைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்னாள் மாணவர் அமைப்பு என்பது பழைய நினைவுகளை அசைபோடுவதற்காகத் தோன்றியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கமே இன்றும் இயங்கிவரும் சங்கங்களில் மிகப் பழைமையானதாகக் கருதப்படுகிறது. 1821-இல் அக்கல்லூரியின் தலைவரே மாணவர்களில் ஒரு பகுதியினரை அழைத்துக்கொண்டு, ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் புதிய கல்லூரி அமைக்கச் சென்றுவிட்டார். கல்லூரி நீடிக்குமா என்ற ஐயம் எழுந்தபோது, அங்குப் பயின்றவர்கள் ஒன்றுகூடி அதைக் காக்க அமைத்ததே அச்சங்கம். தாம் படித்த நிறுவனம் தமக்குப் பின்னும் வாழ வேண்டும் என்ற கவலையே அதன் வித்து.

இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் தனி அலுவலகமும் ஊதியம் பெறும் பணியாளர்களும் உண்டு. ஆயினும், ஒவ்வொரு நகரிலும் உள்ள கிளைச் சங்கங்களை நடத்துவோர் தன்னார்வலர்களே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் போன்றவை, சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களை நேர்காணும் பணியைக்கூட அந்தந்தப் பகுதியிலுள்ள முன்னாள் மாணவர்களிடமே ஒப்படைத்திருக்கின்றன.

நம் நாட்டில் நிலைமை வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1857-இல். அதற்கும் முன்னரே தோன்றிய கல்லூரிகள் தமிழகத்தில் உள்ளன. ஆனால், பெரும்பாலான கல்லூரிகளில் முன்னாள் மாணவர் தொடர்பு என்பது, ஏற்கெனவே பணிச்சுமையுள்ள பேராசிரியர் ஒருவருக்கு அளிக்கப்படும் கூடுதல் பொறுப்பு. தேசிய தர மதிப்பீட்டுக் குழு (நாக்) தனது அளவுகோல்களில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டையும் சேர்த்த பிறகு, சங்கங்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால், மதிப்பீட்டுக் குழுவினர் வந்து சென்றதும் உறங்கிவிடும் சங்கங்களும் அவற்றுள் உண்டு. எஞ்சியவற்றை உயிர்ப்புடன் வைத்திருப்போர் நான்கைந்து தன்னார்வலர்கள் மட்டுமே.

இவர்கள் செய்வது என்ன? வெவ்வேறு ஊர்களில் சிதறிக் கிடக்கும் பழைய மாணவர்களைத் தேடிப்பிடித்து முகவரிப் பட்டியலைப் புதுப்பிப்பது, சந்தா வசூலிப்பது, கல்வி உதவித்தொகைக்கான மாணவர்களைத் தெரிவு செய்வது, வேலைவாய்ப்பு வழிகாட்டலுக்கு ஆள்களை அழைத்து வருவது, கல்லூரி நிர்வாகத்துக்கும் வெளியே இருப்போருக்கும் இடையே பாலமாக இருப்பது. இவை அனைத்தையும் தங்கள் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில், பெரும்பாலும் தங்கள் கைப்பணத்தைச் செலவிட்டே செய்கின்றனர்.

இப்பணியின் உண்மையான பயன், பழைய மாணவர்களைவிடப் புதிய மாணவர்களுக்கே உரியது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம். இந்த உயர்வின் பொருள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம் வகுப்பறைகளில் பெருமளவில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே. அவர்களது வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, நேர்காணலில் என்ன கேட்பார்கள், முதல் ஊதியமாக எவ்வளவு கேட்கலாம் என்று சொல்லித்தர ஆளில்லை.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை, நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே அறிமுகமானவர்கள் மூலமாகவே புதிய வாய்ப்புகள் குறித்த தகவல்கள் அதிகம் வந்து சேர்கின்றன என்று விளக்கியது. நெருங்கியவர்கள் அறிந்ததை நாமும் அறிந்திருப்போம். தொலைவில் இருப்பவரே புதிய செய்தியைக் கொண்டுவருகிறார். 'லிங்க்ட்இன்' தளத்தில் சுமார் 2 கோடி பேரை உள்ளடக்கி நடத்தப்பட்டு, 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வும் பெருமளவில் இதை உறுதிப்படுத்தியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அத்தகைய அறிமுகங்கள் பிறப்பிலேயே வாய்க்கின்றன. முதல் தலைமுறை மாணவருக்கு அவற்றை ஏற்படுத்தித் தரக்கூடிய மிகச் சில அமைப்புகளில் ஒன்று முன்னாள் மாணவர் சங்கம். அதன் செயலர் சோர்ந்துபோனால், துண்டிக்கப்படுவது இந்த இழைதான்.

சங்கப் பொறுப்பு எளிதானதும் அன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்ய, குறைந்தது 7 பேர் தேவை. செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். கணக்குகளைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கத் தனி ஒப்புதல் பெற வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக அளித்தால் அச்சலுகை கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் இன்னும் சிக்கலானது. அங்குப் பணிபுரியும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை, வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அதே வகுப்பில் படித்த அவருடைய நண்பர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகிவிடும். அதைப் பெற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கப்பட்ட கணக்கில் மட்டுமே அதைப் பெற இயலும். அன்பின் மிகுதியால் நண்பர் அனுப்பிய பணத்தை, விவரம் அறியாமல் ஏற்றுக்கொள்ளும் பொருளாளர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

ஐஐடி போன்ற நிறுவனங்களின் முன்னாள் மாணவர்கள் அளிக்கும் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் நன்கொடைகள் தலைப்புச் செய்தியாகின்றன. 2023-இல் நந்தன் நிலகேணி மும்பை ஐஐடிக்கு 315 கோடி ரூபாயும், 2024-இல் கிருஷ்ணா சிவுகுலா சென்னை ஐஐடிக்கு 228 கோடி ரூபாயும் வழங்கியது போற்றத்தக்கதே. ஆனால், மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு கலைக் கல்லூரிக்கு அத்தகைய கொடையாளர் வாய்ப்பது அரிது. அங்கு 300 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் தந்தால்தான் 3 லட்சம் ரூபாய் சேரும். அந்த 300 பேரையும் தனித்தனியே அழைத்துப் பேச ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் ஏன் எப்போதும் ஒரே ஒருவராகவே இருக்கிறார்? மற்றவர்களின் அலட்சியம் மட்டுமே காரணமன்று. பொறுப்பில் இருப்பவரின் பங்கும் இதில் உண்டு. வங்கிக் கணக்கு விவரம், உறுப்பினர் பட்டியல், கல்லூரி நிர்வாகத்துடனான உறவு எல்லாம் அவர் ஒருவரிடமே தங்கிவிடுகின்றன. 'நான் இல்லாவிட்டால் சங்கம் இல்லை' என்ற பெருமிதம் மெல்லத் தலைதூக்குகிறது. இளையவர் ஒருவர் புதிய யோசனை சொன்னால், 'அதையெல்லாம் நாங்கள் முன்பே செய்து பார்த்துவிட்டோம்' என்று பதில் வருகிறது. அவர் மறுமுறை கூட்டத்துக்கு வருவதில்லை. ஆண்களே அமர்ந்திருக்கும் மேடையைக் கண்ட பெண்களும் ஒதுங்கிக்கொள்கின்றனர். பிறகு, 'யாரும் முன்வருவதில்லை' என்ற புலம்பல் மட்டும் எஞ்சுகிறது.

இதற்கான தீர்வுகள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. செயலரின் பணியைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கலாம். ஆண்டு முழுவதும் உழைக்க இயலாத ஒருவரால் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்க இரண்டு வார இறுதிகளை ஒதுக்க முடியும். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஓர் இணைப் பொறுப்பாளர் இருந்து, அடுத்த முறை அவரே அப்பொறுப்பை ஏற்கும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். பட்டம் பெற்று 10 ஆண்டுகளுக்குள் இருப்போருக்கும் பெண்களுக்கும் செயற்குழுவில் இடங்களை உறுதி செய்யலாம். வரவு-செலவை உறுப்பினர் அனைவரும் பார்க்கும்படி வெளியிட்டால் ஐயங்கள் எழா. கல்லூரி நிர்வாகமும் தன் பங்குக்கு ஓர் அறையையும் ஓர் எழுத்தரின் சில மணி நேரத்தையும் ஒதுக்கித் தரலாம்.

ஒரு செயலரின் திறமைக்கு அளவுகோல் அவர் எத்தனை ஆண்டுகள் பதவியில் இருந்தார் என்பதன்று. அவர் விலகிய மறு ஆண்டும் உதவித்தொகை உரிய நாளில் மாணவரின் கைக்குச் சென்றதா என்பதே. அடுத்த பொதுக்குழுவில் அந்தக் கேள்வி எழுந்து அரங்கம் அமைதியாகும்போது, முழுப் பொறுப்பையும் ஏற்க இயலாவிட்டாலும், 'இந்த ஒரு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் எழுந்து நின்றால் போதும். அவரைத் தொடர்ந்து இன்னொருவர் எழுவார்.