புயல் காலத்திற்குப் புறக்கடைத் தோட்டம்

வடகிழக்குப் பருவமழைக் காலம் கடலோர மாவட்டங்களுக்குப் புயல் காலமும் ஆகும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. சாலைகள் அடைபட்டன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக் கணக்காயிற்று. மின்சாரம் இல்லையேல் வீட்டில் நெல் இருந்தாலும் அரவை ஆலை ஓடாது. சாலை இல்லையேல் சந்தைக்குக் காய்கறி வராது. நிவாரணம் வந்து சேரும் வரை குடும்பம் தன் கையிருப்பைக் கொண்டே சமாளிக்க வேண்டும்.

வீட்டின் பின்புறம் 2 சென்ட் நிலம் இருந்தால் இதற்கு வழி செய்துகொள்ளலாம். வழக்கமான புறக்கடையில் வாழை, பப்பாளி, அகத்தி, பந்தல் அவரை ஆகியவையே இருக்கும். இவை அனைத்தும் காற்றுக்கு விழக்கூடியவை. எனவே தோட்டத்தில் பாதியையாவது கிழங்குப் பயிர்களுக்கு ஒதுக்குவது நலம்.

நிலத்தடி உணவு

சேனைக்கிழங்கு இதற்கு மிகவும் ஏற்றது. மாசி, பங்குனியில் நட்டால் எட்டு மாதத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில் முற்றிவிடும். அரை முதல் ஒரு கிலோ எடையுள்ள துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் நடுமுளையின் ஒரு பகுதி இருக்குமாறு வெட்டி, சாணிக்கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி நட வேண்டும். மூன்று அடிக்கு ஒரு குழி எடுத்து, குப்பை எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். கோடையில் பாத்திரம் கழுவிய நீரே இதற்குப் போதும். இலை மஞ்சளாகித் தண்டு சாய்ந்ததும், பெருமழைக்கு முன்பே தோண்டி எடுத்து, காற்றோட்டமான நிழலில் பரப்பி வைக்கலாம். மண்ணிலேயே விட்டால் தேங்கும் நீரில் அழுகிவிடும்.

சர்க்கரைவள்ளியின் கொடி தரையோடு படர்வதால் காற்று அதை அதிகம் பாதிப்பதில்லை. ஆடியில் கொடியின் நுனித் துண்டுகளை ஒரு அடி உயரப் பார்களில் நட்டால், கார்த்திகையில் கிழங்கு எடுக்கலாம். களிமண் நிலமாயின் மணலும் எருவும் கலந்து பார்களை உயர்த்துவது அவசியம். மரவள்ளி வைத்திருப்போர், தோண்டிய இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும். தோலை நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் நன்கு வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்புள்ள கிழங்கை உண்ணக் கூடாது.

உறியில் காய், பாட்டிலில் விதை

சாம்பல் பூசணியை ஆனித் தொடக்கத்தில் விதைத்தால் ஐப்பசியில் முற்றிய காய் கிடைக்கும். காம்புடன், அடிபடாமல் பறித்து உறியில் தொங்கவிட்டால் சில மாதங்கள் கெடாது.

முருங்கையின் நீண்ட கிளைகளைப் புரட்டாசியில் கழித்துவிட்டால் காற்றின் பிடி குறையும். மரம் முறிந்தாலும் வேரோடு சாயாதிருந்தால், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சாய்வாக அறுத்து, வெட்டுவாயில் சாணம் பூசினால் மீண்டும் துளிர்க்கும்.

புயலுக்குப் பின் முதலில் கைகொடுப்பது கீரையே. முளைக்கீரையை விதைத்த 25 நாட்களில் பறிக்கலாம். முளைக்கீரை, கொத்தவரை, வெண்டை, புடலை விதைகளை நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, இறுக மூடிய பாட்டிலில் இட்டுப் பரணில் வைக்க வேண்டும். நீர் வடிந்தவுடன் மேட்டுப்பாத்தியில் கீரையை விதைத்துவிடலாம். அதுவரை, வீட்டிலுள்ள பச்சைப்பயறை ஊறவைத்துத் துணியில் கட்டினால் இரண்டே நாளில் முளைப்பயறு கிடைக்கும். இதைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் ஊறவைத்து, வேகவைத்து உண்பது நல்லது.

அடுப்பும் விறகும்

எரிவாயு உருளை தீர்ந்துவிட்டால் விறகடுப்பே துணை. புரட்டாசி முடிவதற்குள், இரண்டு வாரத்திற்குப் போதுமான விறகு, கொட்டாங்கச்சி, தென்னை மட்டை ஆகியவற்றை மழை படாத பரணில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீப்பெட்டியை மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். அடுப்புக்குச் செங்கல் ஏற்றது. நீரில் கிடந்த கல் சூட்டில் வெடித்துச் சிதறக்கூடும். திறந்த தாழ்வாரத்தில், நீர் ஏறாத மேட்டில் அடுப்பைக் கூட்ட வேண்டும். மழைக்கு அஞ்சிக் கதவடைத்த அறைக்குள் விறகோ கரியோ எரிப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு மணமில்லை. உறங்குவோர் அறியாமலே இறக்க நேரிடும்.

வெள்ளநீர் பட்ட கீரைகளை உண்ணாமல் விலக்க வேண்டும். குடிநீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, ஆறியபின் பருக வேண்டும்.

புயல் எச்சரிக்கை கேட்டபின் இவற்றைச் செய்ய அவகாசம் இராது. மாசியில் சேனை, ஆனியில் பூசணி, ஆடியில் வள்ளி, புரட்டாசியில் விறகு என்று பட்டம் தவறாமல் செய்துவரின், கார்த்திகையில் எந்தக் காற்று வீசினாலும் வீட்டில் உலை கொதிக்கும். புயல் வராத ஆண்டில் மீதமாகும் கிழங்கும் பூசணியும் பொங்கல் சந்தையில் நல்ல விலைக்குப் போகும்.