கூடைப்பந்து இளைஞரும் கல்லூரித் தேர்வும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாணவன் கல்லூரியை நாடிச் செல்வதே பொது வழக்கு. கூடைப்பந்தில் பெயர் பெற்ற உயர்நிலைப் பள்ளி மாணவன் விஷயத்தில் மட்டும் அவ்வழக்கு தலைகீழாகி விடுகிறது. கல்லூரிகள் அவன் வீடு தேடி வருகின்றன. பயிற்சியாளர்கள் அவன் ஆடும் பந்தயங்களைக் காண வருகிறார்கள். பெற்றோருடன் அமர்ந்து பேசுகிறார்கள். தம் செலவிலேயே அழைத்துச் சென்று விடுதியையும் வகுப்பறையையும் ஆட்டக்கூடத்தையும் காட்டுகிறார்கள். கட்டணம், உணவு, உறையுள் யாவும் அடங்கிய உபகாரச் சம்பளம் தருவதாகவும் வாக்களிக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை இத்தனை புகழ்மொழிகளுக்கு நடுவே நின்று ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். முதியவர்க்கே தலை சுற்றும் நிலை அது.

பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் எனப் புகழ் பெற்றவர், 1965ஆம் ஆண்டில் லூ அல்சிண்டர் என்னும் பள்ளி மாணவர். ஏழடி உயரம். நியூயார்க் நகரில் அவர் ஆடிய பவர் மெமோரியல் பள்ளிக் குழு தொடர்ந்து 71 பந்தயங்களில் வென்றிருந்தது. நாடெங்குமிருந்து அழைப்புகள் குவிந்தன. அவரோ கண்டத்தின் மறு கோடியில், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைத் தெரிந்துகொண்டார். அப்பல்கலைக்கழகம் 1964, 1965 ஆகிய இரண்டாண்டுகளிலும் தேசிய வாகை சூடியது என்பது உண்மையே. ஆயினும் காரணம் அது மட்டுமன்று. அங்கே பயிற்சியாளராயிருந்த ஜான் வுடன், ஆட்டத்தைக் காட்டிலும் படிப்பைப் பற்றியே முதலில் பேசினார். நோபல் சமாதானப் பரிசு பெற்ற ரால்ப் பஞ்ச் அப்பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பினப் பெருமகன். அவர் எழுதிய கடிதமும் இளைஞரின் கைக்கு வந்தது. நிறவேற்றுமை வேரோடியிருந்த நாட்டில், தன் இனத்தாரை அந்நிறுவனம் எவ்வாறு நடத்தியது என்று ஒரு மாணவன் ஆராய்ந்தது மிகச் சரியே.

அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர் கல்லூரியின் தலைமைக் குழுவில் ஆட இயலாது. அத்தடை 1972இல்தான் நீங்கிற்று. ஆகவே அல்சிண்டர் ஓராண்டு காத்திருந்தார். அதன் பின் 1967, 1968, 1969 என மூன்றாண்டுகளும் வெற்றிக் கிண்ணம் அப்பல்கலைக்கழகத்திற்கே கிடைத்தது.

தேர்வு தவறாகப் போவதும் உண்டு. இந்தியானா மாநிலத்தில் பிரெஞ்ச் லிக் என்னும் சிற்றூரில் வளர்ந்த லாரி பேர்ட், 1974இல் புளூமிங்டன் நகரிலுள்ள இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அம்மாநிலத்துப் பிள்ளைகள் பலர் கனவு கண்ட இடம் அது. அதன் குழு 1976இல் ஒரு தோல்வியும் இன்றி வாகை சூடியது. ஆனால் ஒரு மாதம் நிறைவதற்குள் பேர்ட் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பி விட்டார். சுமார் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவருக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் கூட்டம் ஒவ்வவில்லை. கையில் காசும் இல்லை. ஊரில் குப்பை வண்டியிலும் சாலை வேலையிலும் உழைத்தார். மறு ஆண்டு டெர்ரஹோட் நகரிலுள்ள இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அவரைத் தேடிப் பிடித்துச் சேர்த்தனர். டெர்ரஹோட் அவருடைய ஊருக்குப் புளூமிங்டனை விடத் தொலைவு என்பது கவனிக்கத் தக்கது. அவரை அச்சுறுத்தியது தூரமன்று, பெருங்கூட்டமே. அதுவரை பெரும் புகழ் இல்லாத அக்குழு, 1979இல் தொடர்ந்து 33 பந்தயங்களில் வென்று இறுதிப் போட்டி வரை சென்றது. அங்கே மாஜிக் ஜான்சனின் மிச்சிகன் மாநிலக் குழுவிடம் 75க்கு 64 எனத் தோற்றது.

ஒரு நேரத்தில் களத்தில் நிற்போர் ஐவரே. தன் இடத்தில் ஏற்கெனவே ஆடுபவர் யார், அவர் எப்போது படிப்பை முடிப்பார் என்பதை ஆராயாத பிள்ளை, பெரிய குழுவில் சேர்ந்து பலகையில் உட்கார்ந்தே காலம் கழிக்க நேரிடும். பயிற்சியாளரை நம்பிச் சேர்வோர்க்கு இன்னோர் இடர்: அவரே வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். 1964 முதல் 2024 வரை வழக்கிலிருந்த ஒப்புதல் பத்திரம் மாணவனைக் கல்லூரியோடு பிணைத்ததேயன்றிப் பயிற்சியாளரோடு பிணைக்கவில்லை. அவர் போனாலும் கையொப்பமிட்டவன் கட்டுண்டே இருந்தான்.

இன்று கட்டுகள் தளர்ந்துள்ளன. முன்பு கல்லூரி மாறியவன் பொதுவாக ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும். 2021இல் ஒரு முறை மட்டும் அவ்விதி தளர்த்தப்பட்டது, 2024இல் அவ்வரம்பும் போயிற்று. தன் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்குக் கொடுத்து மாணவன் பொருளீட்டலாம் என 2021 ஜூலையில் இசைவு கிடைத்தது. 2025 முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்க்கு நேரடியாகப் பணம் தரலாம்; எல்லா விளையாட்டுகளுக்குமாக ஒரு கல்லூரிக்கு முதலாண்டு வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். இதனால் வீட்டுக்கு வரும் பயிற்சியாளரிடம் பெற்றோர் இப்போது தொகையையும் கேட்கிறார்கள். ஏழைக் குடும்பம் கேட்பதில் குற்றமில்லை.

எனினும் கணக்கைப் பார்க்க வேண்டும். முதற் பிரிவில் 350க்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பதினைந்து பேர் வரை ஆடவர் குழுவில் இருக்கலாம். தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் தெரிந்தெடுப்பதோ ஏறத்தாழ அறுபது பேரை மட்டுமே. அவர்களிலும் சிலர் அயல்நாட்டினர். எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் படித்த படிப்பைக் கொண்டே பிழைக்க வேண்டியவர்கள். அல்சிண்டர் 1969இல் வரலாற்றுப் பட்டம் பெற்றார். பேர்டும் 1979இல் உடற்கல்விப் பட்டத்தை முடித்த பிறகே பாஸ்டன் குழுவுக்குப் புறப்பட்டார்.