இரும்பு இருக்கு... காந்தம் ஏன் ஒட்டலை?

இண்டக்‌ஷன் அடுப்பு வந்த வீட்டில் நடக்கும் முதல் சோதனை இது. ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்ப்பார்கள். இரும்பு தோசைக்கல்லில் ‘டப்’பென்று ஒட்டும். செம்புப் பாத்திரத்தில் ஒட்டாது. சரி, சீர்வரிசையில் வந்த கனமான எவர்சில்வர் பாத்திரம்? அதுவும் கைவிரித்துவிடும்!

‘18/8’ எவர்சில்வரில் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். மீதி பெரும்பாலும் இரும்புதான். பிறகு ஏன் ஒட்டுவதில்லை?

காந்தத்தின் ஊற்று எலெக்ட்ரான். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஆனால், அணுவுக்குள் அவை பெரும்பாலும் எதிரெதிர் திசை பார்க்கும் ஜோடிகளாக இருப்பதால், ஒன்றின் காந்தத்தை மற்றது அடித்துவிடும். செம்பில் ‘டி’ கூட்டின் பத்து இடங்களும் நிரம்பி, எல்லாமே ஜோடி. இரும்பு அணுவில் அங்கே ஆறு எலெக்ட்ரான்கள். அதில் நான்கு ஒண்டிக்கட்டை.

ஒண்டிக்கட்டைகள் இருந்தால் மட்டும் போதாது. மாங்கனீஸ் அணுவில் ஐந்து இருந்தும், மாங்கனீஸ் உலோகம் காந்தத்தில் ஒட்டாது. அக்கம்பக்கத்து அணுக்களும் ஒரே திசையில் திரும்ப வேண்டும். அவற்றைத் திருப்புவது காந்த விசை அல்ல. அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. ஒரே திசை பார்க்கும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்காமல் தள்ளி நிற்கும். அதனால் அவற்றுக்கு இடையிலான மின் விலக்கம் குறையும். இந்த குவாண்டம் ரகசியத்தை 1928-ல் விளக்கியவர் ஹைசன்பெர்க்.

ஆக, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் முக்கியம். சாதாரண இரும்பில் கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள். நிக்கல் சேர்ந்ததும் மூலைகளிலும் முகங்களின் மையத்திலும் என்று அடுக்கு மாறிவிடுகிறது. அந்த அடுக்கில் ஒற்றுமை கலைந்துபோகிறது. இத்தனைக்கும் நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும்!

இதற்கு நேர்மாறான கூத்தை 1903-ல் ஹியூஸ்லர் என்ற ஜெர்மானியர் காட்டினார். செம்பு, மாங்கனீஸ், அலுமினியம் மூன்றும் தனித்தனியே ஒட்டாதவை; கலந்து உருக்கினால் ஒட்டியது.

‘காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர்’ என்று கடையில் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். நிக்கல் சேர்க்காத, துருப்பிடிக்காத எவர்சில்வரும் உண்டு. அதில் காந்தம் ஒட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகத்திலோ பெரும்பாலும் ஒட்டாது. இண்டக்‌ஷனுக்கு ஆகுமா என்று பார்க்கத்தான் அந்த ஃப்ரிட்ஜ் பொம்மை.