டிக்கிக்குள் ஓர் ஐந்தாவது சக்கரம்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் டயர் உட்காரும்போதுதான் பலர் முதன்முதலாக டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று கை மாறிய பழைய காராக இருந்தால் அந்தக் குழி காலியாகவே இருக்கலாம். எரிவாயு டேங்க் பொருத்துவதற்காக முன்பு வைத்திருந்தவர் ஸ்டெப்னியைக் கழற்றியிருப்பார். அல்லது எந்த வண்டியிலிருந்தோ வந்த, துரு ஏறிய சக்கர டிஸ்க் ஒன்று கிடக்கும். அது இந்த வண்டிக்குச் சேருமா என்று யாரும் மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உற்பத்தி நின்றுபோன மாடலுக்குப் புது டிஸ்க் கிடைப்பது சிரமம். கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலோ, சென்னைப் புதுப்பேட்டையிலோதான் தேட வேண்டியிருக்கும். அங்கே அடுக்கி வைத்திருக்கும் டிஸ்க்குகளில் ஒன்றை உருவி, “பதிமூணு இஞ்ச்சுதானுங்க, தாராளமா போட்டுக்கலாமுங்க” என்பார்கள். இஞ்ச் அளவு எந்த டயர் அந்த டிஸ்க்கில் ஏறும் என்பதைத்தான் சொல்லும். அந்த டிஸ்க் உங்கள் காரில் ஏறுமா என்பதற்கு அதன் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும்.

முதலில் நட்டுத் துளைகள். அவற்றின் மையங்களை இணைத்து ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டத்தை மெக்கானிக்குகள் பி.சி.டி. என்கிறார்கள். நான்கு துளை டிஸ்க்கில் இதை அளப்பது சுலபம். ஒரு துளையின் வெளி ஓரத்திலிருந்து நேர் எதிர்த் துளையின் உள் ஓரம் வரை டேப் பிடித்தால் போதும். ஐந்து துளை என்றால் எதிரெதிர்த் துளை கிடையாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மைய இடைவெளியை அளந்து 1.7ஆல் பெருக்க வேண்டும். நம் ஊர்ச் சிறிய கார்களில் அதிகம் தென்படுவது 100 மி.மீ. சில வண்டிகளில் 114.3 வரும். விநோதமாகத் தெரியும் அந்த எண், நாலரை இஞ்ச்தான்.

ஏமாற்றக்கூடிய அளவு 98. ஃபியட் ஊனோ, பாலியோ கார்களின் அளவு அது, மாருதி ஸ்விஃப்டுக்கு 100. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு துளையும் 1 மி.மீ.தான் தள்ளியிருக்கிறது என்பதால், கொஞ்சம் முறுக்கினால் உட்கார்ந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் நட்டின் கூம்பு முனை துளையின் சரிவில் முழுக்கப் பதியாமல் ஒரு பக்கம் மட்டும் அழுத்தி நிற்கும். ஓட்டத்தில் ஏறும் அதிர்வில் அது தளர்ந்துவிடும். இறுக்கமாக இருக்கிறது என்ற உணர்வை நம்பி இதில் முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது நடுத்துளை. ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தில் அது அளவாக ஏற வேண்டும். பாலியோவுக்கு 58.1, ஸ்விஃப்டுக்கு 54.1 மி.மீ. ஆகவே ஸ்விஃப்ட் டிஸ்க் பாலியோவில் ஏறவே ஏறாது. அது நல்லது, தவறு அங்கேயே தெரிந்துவிடும். பாலியோ டிஸ்க் ஸ்விஃப்டில் தொளதொளவென்று ஏறிவிடும். ஆபத்து அதில்தான்.

அளவுகள் ஒத்துப்போனாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கலாம். பழைய ஹூண்டாய் சான்ட்ரோவுக்கும் 100, 54.1 என்ற அதே கணக்குதான். ஆனால் ஹூண்டாய் நட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ., மாருதியினுடையது 1.25. டிஸ்க்கோடு சேர்த்துக் கடைக்காரர் அன்பாகக் கொடுக்கும் நான்கு நட்டுகளை மாருதியில் போட்டு முறுக்கினால், ஒன்றிரண்டு சுற்று போய்ப் பிடித்துக்கொள்ளும். மேலும் பலம் கொடுத்தால் ஸ்டட் மரை போய்விடும். வண்டியின் சொந்த நட்டுகளையே பயன்படுத்துங்கள். அலாய் வீலுக்கென்று வந்த நட்டோ போல்ட்டோ இரும்பு டிஸ்க்கில் சரியாகப் பதிகிறதா என்பதையும் பாருங்கள். பாலியோபோல நட்டுக்குப் பதில் போல்ட் உள்ள வண்டிகளில், தடித்த அலாய்க்கான நீள போல்ட்டை மெல்லிய டிஸ்க்கில் போட்டால் அது உள்ளே நீண்டு பிரேக் பாகங்களில் இடிக்கலாம்.

டிஸ்க் ஹப்பில் உட்காரும் முகம், அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது ஆஃப்செட். இதைக் கடையில் நின்று அளப்பதைவிட, ஜாக்கி போட்டு முன் சக்கரத்தில் மாட்டிப் பார்ப்பதே நம்பகமானது. ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, கையால் சுழற்றுங்கள். காலிப்பரிலோ சஸ்பென்ஷனிலோ உரசக் கூடாது. சுழலும்போதே டிஸ்க் கோணலா என்பதும் தெரிந்துவிடும். நட்டுத் துளைகளைச் சுற்றியும் வெல்டிங் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

டயரின் உயரம் தனிக் கணக்கு. மாருதி 800க்கு 145/70 ஆர்12, ஆல்டோவுக்கு 145/80 ஆர்12. இரண்டும் 12 இஞ்ச்தான். ஆனால் முதலாவதன் விட்டம் ஏறக்குறைய 508 மி.மீ., இரண்டாவது 537. கோவையிலிருந்து பொள்ளாச்சி வரையிலான 40 கி.மீ. தூரத்தில் சின்ன டயர் 1,350 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். இவை இரண்டும் ஒரே அச்சில், அதுவும் இன்ஜின் இழுக்கும் முன் அச்சில் இருந்தால், வளைவுக்கென்று செய்த டிஃபரன்ஷியல் நேர்ச் சாலையிலும் ஓயாமல் உழைத்துச் சூடேறும். மாறாக, ஸ்விஃப்டில் வந்த 165/80 ஆர்14, 185/65 ஆர்15 இரண்டின் உயர வித்தியாசம் 2 மி.மீ.தான். உயரம் மாறிய ஸ்டெப்னி மட்டுமே கையில் இருந்து, பஞ்சரானது முன் சக்கரமாக இருந்தால், நல்ல பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். கூடுதலாக இருபது நிமிடம் ஆகும். ஆனால் முன் அச்சு தப்பிக்கும்.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு தெருவின் பெயர். தொடக்ககாலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. சாலையோரம் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1904 வாக்கில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரம் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டிலேயே கவ்வ வைத்தார்கள். அந்தப் பொருள் எப்போதோ மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நம் பஞ்சர் கடைகளில் வாழ்கிறது. பிரேசிலிலும் மாற்றுச் சக்கரத்துக்கு ‘எஸ்டெப்பே’ என்றுதான் பெயர்.

இந்தியாவில் 2020இல் திருத்திய மோட்டார் வாகன விதிகள், டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றன. ஆணிக் குத்துக்கு அந்தக் கிட் போதும். கல்லில் உரசி டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மலைச் சாலையில் அடிக்கடி நேர்வது இந்தக் கிழிசல்தான். அதனால் பழைய வண்டிக்கு முழு அளவு ஸ்டெப்னி தேடி அலைவதை வீண் வேலை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

தேடப் போகும்போது வண்டியிலிருந்து ஒரு சக்கரத்தையும் ஒரு நட்டையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிஸ்க்குகளை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால் துளைகள் பொருந்துகின்றனவா என்பது தெரியும். டயரோடு வாங்கினால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14வது வாரம் செய்தது. பட்டை தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை மாட்டி, நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கி, 50 கி.மீ. ஓட்டி, மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பிறகு கழற்றி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடித்து, வால்வு மேலே தெரியும்படி குழிக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை ஸ்டெப்னியைத் தூக்காமலே காற்றைப் பார்த்துவிடலாம்.