சின்ன வீட்டில் ஒரு பூனை

எங்களுடையது இரண்டாவது மாடியில் 400 சதுர அடி வீடு. போன வருஷம், மழையில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை என் மகள் தூக்கி வந்தாள். ஆறு மாதத்தில் அது ராத்திரி முழுக்கக் கத்துவதும், சோபாவைக் கிழிப்பதும், காலைக் கடிப்பதுமாக இருந்தது. "இத்துனூண்டு வீட்டில் அடைச்சு வெச்சா அது எப்படி சந்தோஷமா இருக்கும்? மீன் மார்க்கெட்டில் விட்டுடலாம்" என்று சொல்லி, என் கணவர் சாக்குப்பையை எடுத்துவிட்டார். மகள் அன்று சாப்பிடவே இல்லை.

மனசு கேட்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். "வீட்டுக்குள்ளேயே வளர்ந்ததைத் தெருவில் விட்டா நாய்கிட்ட மாட்டிக்கும். பூனைக்குத் தரை அகலம் முக்கியமில்லைம்மா, ஏறி உட்கார உயரமும், துரத்திப் பிடிக்க விளையாட்டும் வேணும்" என்றார். கருத்தடை ஆபரேஷனும் செய்தார். ராத்திரிக் கத்தல் நின்றது.

பரணில் கிடந்த பழைய சாமான்களை ஒழித்து, ஏறிப் போக பீரோ பக்கத்தில் ஸ்டூல் போட்டேன். ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தோம். அங்கே உட்கார்ந்து காக்காய், அணிலைப் பார்க்கிறது. நகம் கீற, கட்டையில் தேங்காய்க் கயிறு சுற்றி வைத்தேன். சாயங்காலம் பத்து நிமிஷம் துணி முடிச்சை இழுத்து ஓட விட்டு, பிறகுதான் சாப்பாடு. மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்கிறேன்.

நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பவள் நான். ஒரு ஜன்னலும், பேச ஓர் ஆளும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியாதா? இப்போது சாக்குப்பையை எடுத்தவர் மடியில்தான் அது தூங்குகிறது.

தோழிகளே, வீடு சிறிசு என்பதற்காகப் பூனையைத் துரத்தாதீர்கள். அதற்கென்று தினமும் பத்து நிமிஷம் ஒதுக்க முடியாதவர்கள், ஆசைப்பட்டு வளர்க்கவும் வேண்டாம்.

— ஒரு வாசகி, சென்னை