பின்கட்டுத் தோட்டம் – 9: ஓட்டை விழுந்த கறிவேப்பிலை

நர்சரியில் செடி வாங்கும்போது, இலையில் பூச்சி கடித்த தடம் இருந்தால் ஒதுக்கிவிடுகிறோம். வீட்டுக்குக் குருவி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டும். பூந்தேன் குடித்துத் திரியும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவையும் சிலந்தியையும்தான். புழு வேண்டுமானால் அது தின்னும் இலை வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் பலவும் கண்டதைத் தின்பதில்லை. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் முட்டையிடுவது கறிவேப்பிலையிலும் அதன் உறவான எலுமிச்சையிலும். வெந்தய வரியனுக்கு எருக்கு. காரைக்குடியில் இந்த மூன்று செடிகளையும் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது ரசத்துக்குப் போகும் நாலு கொத்து இலை. முருங்கைக் கம்பளிப்பூச்சியை என்ன செய்வது என்று ஆச்சிமார் கேட்பார்கள். குயில் இனப் பறவைகளுக்கு அதுதான் விருந்து.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் ஆவாரையைச் சொல்வேன். பொங்கல் காப்புக்குப் பறித்து வருவதோடு அதை மறந்துவிடுகிறோம். அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் சிறு துளையுள்ள பைகளுக்குள் அடைந்துகிடக்கும். பெரிய கருவண்டு ஒன்று (தச்சன் தேனீ என்பார்கள்) பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை அதிரவைக்கும். தூள் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. முருங்கைப் பூவைக் காயாக்குவதிலும் இந்த வண்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், அது துளைத்துக் குடியிருக்கக் காய்ந்த கட்டை ஒன்றைத் தோட்டத்து மூலையில் போட்டுவைப்பது லாபம். ஆவாரை இலையோ கொன்னை வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு.

சாமிக்கென்று வளர்க்கும் பூக்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் இதழ்களாகிவிடுகின்றன. அந்த நெரிசலில் பூச்சிக்கு வேலையில்லை. ஒற்றைச் செம்பருத்தியே நல்லது. அரளி தேனே தராமல் ஏமாற்றும் பூ. சுரைக்கொடி மாலையில் மலர்ந்து இரவு அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கும், அதனால் பந்தல்மேல் விளக்கு வேண்டாம்.

புதிய வீடுகளின் சுவரோரம் வரிசைகட்டும் கோனோகார்பஸ் மரத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. மூச்சுத் தொல்லை, குழாயை நெரிக்கும் வேர் என்று சொல்லி 2023-ல் குஜராத் அரசு அதை நடத் தடை விதித்தது.

அந்த இடத்தில் ஆவாரையே போடலாம். அதன் விதைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓரிரவு ஊறவைத்து, ஐப்பசி மழைக்கு முன் நேரே மண்ணில் ஊன்றுங்கள். முதல் கோடைக்குத் தண்ணீர் காட்டினால் போதும், பிறகு செம்மண்ணே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வாரம்: பறவைக்குத் தண்ணீர்த் தொட்டி, கூடவே வீட்டுப் பூனை.