‘கலை அரசி’யும் தும்பா ராக்கெட்டும்

விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படங்களுட் சில, வெளிவந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் அன்பர்களால் தேடிப் பார்க்கப்படுகின்றன. அவற்றில் வருவன யாவும் பொய்யெனத் தள்ளுதலும், யாவும் நிகழக்கூடியன என நம்புதலும் ஒருங்கே தவறாகும். திரையில் கண்டதை அளவு கொண்டு சோதித்தலே பயன் தருவதாகும். இதற்கு ஏற்ற தமிழ்ப்படம் ‘கலை அரசி’.

ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படம் 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் முதன்மை வேடம் தாங்கினர். விஞ்ஞானத்தில் முன்னேறியும் கலைகளில் பின்தங்கியும் உள்ள ஒரு கிரகத்தார், கலை வல்ல பெண் ஒருத்தியைப் பூமியிலிருந்து கவர்ந்து செல்கின்றனர். கதாநாயகன் அக்கிரகத்தை அடைந்து அவளை மீட்கிறான். வேற்றுக்கிரக மாந்தரைக் காட்டிய தொடக்ககால இந்தியப் படங்களுள் இஃது ஒன்றாகும்.

அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ‘நைக்–அபாச்சி’ என்னும் ராக்கெட்டு ஏவப்பட்டது. அது சுமார் 200 கி. மீ. உயரம் எழுந்து கடலில் வீழ்ந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அருகிற் செல்வதே தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். அக்கோட்டின் மேல், சுமார் 110 கி. மீ. உயரத்தில் வலிமைமிக்க மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதனை நேரிற் சென்று ஆராய ராக்கெட்டே தக்க சாதனமாகும்.

முதல் ராக்கெட்டு மாலையில் ஏவப்பட்டதற்கும் காரணம் உண்டு. அது மேல்வெளியில் சோடியம் ஆவியை உமிழ்ந்து சென்றது. அவ்வேளையில் தரையில் கதிரவன் மறைந்து இருள் சூழ்ந்தாலும், மிக உயரத்தில் வெயில் நிலைத்திருக்கும். அவ்வொளி பட்டுச் சோடியம் ஆவி செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். அவ்வொளிப்படலம் நகரும் திசையையும் வேகத்தையும் படம் பிடித்து, மேல்வெளிக் காற்றின் போக்கை அளந்தறிவர். பொன்முடி மலையடியிலுள்ள கல்லாறு, தும்பாவிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கி. மீ. தொலைவில் உள்ளது. நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரும் படலத்தை, வானம் தெளிவாயிருப்பின், அத்தகைய மலையூர்களிலிருந்தும் காணலாகும். இவ்வாறு காண்பதற்குத் தொலைநோக்கி வேண்டுவதில்லை.

இனி, திரைக்கதையின் பயணத்தைச் சோதிப்போம். பூமியின் ஈர்ப்பினின்று முற்றும் விடுபட, காற்றின் தடையைக் கணக்கிடாவிடினும், வினாடிக்குச் சுமார் 11.2 கி. மீ. வேகம் வேண்டும். தும்பா ராக்கெட்டின் வேகம் இதனினும் மிகக் குறைவு. ஆதலின் அது மீண்டும் வீழ்ந்தது. அமெரிக்காவின் ‘மாரினர் 2’ கலம் வெள்ளியை நெருங்க 109 நாட்கள் ஆயின. 1962 டிசம்பரில் அக்கலம் செய்த அளவீடுகள், வெள்ளியின் தரை மிகக் கடுமையான வெப்பம் உடையதெனக் காட்டின. அவ்வெப்பம் 450 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது என்பது இன்று தெளிவு. ஈயமும் அங்கு உருகிவிடும். 1965இல் ‘மாரினர் 4’ அனுப்பிய படங்கள், செவ்வாய் பள்ளங்கள் நிறைந்த வறண்ட நிலம் என்பதை வெளிப்படுத்தின. மாளிகையும் மன்னரும் உள்ள கிரகத்தை நம் சூரிய மண்டலத்தில் எங்கும் வைத்தற்கு இடமில்லை.

ஆயினும் படத்தின் அடிப்படைக் கேள்வி இக்கணக்கினால் அழிவதில்லை. கலையற்ற அறிவு மாந்தர்க்கு நிறைவு தருமா என அது வினவுகிறது. தும்பாவின் புனித மேரி மக்தலேனா ஆலயம், ராக்கெட்டு நிலையத்தின் தொடக்க நாட்களில் அலுவலகமாய்ப் பயன்பட்டுப் பின்னர் விண்வெளி அருங்காட்சியகமாயிற்று. பொன்முடிக்கும் கல்லாற்றுக்கும் செல்லும் மாணவர் அதனையும் கண்டுவரலாம். வீடு திரும்பிய பின் ‘கலை அரசி’யைப் பார்த்து, அதன் பயணத்துக்குரிய தொலைவையும் வேகத்தையும் காலத்தையும் தாமே கணக்கிடுதல் நன்று.